வயிறு தள்ளிய சுவர்

ரசமட்டம் என்பது கொத்தனார்கள் சுவர்மேல் வைத்துப் பார்க்கிற சின்னக் கருவி. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருக்கும். அது நடுவில் நின்றால் மட்டம் சரி, நகர்ந்தால் கோணல். நம்முடைய கொத்தனாருக்கு அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. காரணம், அவர் அந்தக் கருவியைப் பையை விட்டு எடுப்பதே இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் சுவரைப் பார்ப்பார். “இந்த மூலை ரெண்டு நூல் இறக்கம்” என்பார். நம்பாதவர்கள் கருவியை வைத்துப் பார்த்தால் ரெண்டு நூல், அதாவது கால் அங்குலம், இறக்கமாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட மனுஷனைக் கூப்பிட்டு, மேடும் பள்ளமுமாக ஒரு சுவர் பூசிக்கொடு என்று சொன்னால் என்ன செய்வார்? முதலில் சிரித்தார். பிறகு கோபித்துக்கொண்டார். கேட்டது மருமகள் என்பதால் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஊரை ஒட்டிய குன்றுக்குள் ஒரு பெரிய குகை இருக்கிறது. எழுத்து என்ற ஒன்றே இல்லாத காலத்து மனிதர்கள் அதன் சுவரெல்லாம் மிருகங்களை வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பல்லாயிரம் வருஷம் இருட்டில் பத்திரமாக இருந்த சித்திரங்கள் அவை. நாம் கண்டுபிடித்த இருபதே வருஷத்தில், கூட்டம் கூட்டமாகப் போய் வாயைப் பிளந்து விட்ட மூச்சில் அவற்றுக்குப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. நல்லதைக் கண்டால் சும்மா விடுவோமா நாம்? கடைசியில் குகைக்கு இரும்புக் கதவு போட்டு மூடினார்கள். பதிலுக்கு அடிவாரத்தில் ஒரு பெரிய கொட்டகை போட்டு, குகையின் நீண்ட சுவரை அங்குலம் பிசகாமல் இன்னொரு முறை செய்துவைப்பது என்று முடிவானது.

சித்திரம் எழுதும் பொறுப்பு மருமகளுக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று பெரிய பெரிய சுவர்களில் வரைந்து பேர் வாங்கியவள் அவள். ஆனால் எழுதுவதற்குச் சுவர் வேண்டுமே. வந்த இரண்டு கொத்தனார்களும், இதெல்லாம் கொத்து வேலையே இல்லை என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் நேராக மாமனாரிடம் வந்து நின்றாள்.

“மாமா, நேரா பூசறவங்க ஊருக்கு நூறு பேர் இருக்காங்க. நேர்னா என்னன்னு கையிலயே தெரிஞ்ச ஆளுக்குத்தான் கோணலும் ஒழுங்கா வரும்.”

“ஐஸ் வைக்காதம்மா,” என்றார் ரசமட்டம். ஆனால் ஐஸ் வேலை செய்துவிட்டது.

முதல் மாதம் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. குகைச் சுவரை ஏதோ மெஷினால் அளந்து, எங்கே எத்தனை விரல் மேடு, எங்கே எத்தனை விரல் பள்ளம் என்று தாள் தாளாக அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதன்படி கம்பியை வளைத்து, கம்பி வலை கட்டி, அதன்மேல் கலவை போட வேண்டும். தாளைப் பார்த்துக் காலையில் ஆரம்பிப்பார். கை தன் வேலையைப் பார்க்கும். சாயங்காலம் தள்ளி நின்று பார்த்தால் சுவர் குளியலறைச் சுவர்போல் வழவழவென்று நிற்கும். மூன்று முறை உடைத்துப் பூசினார். நாலாவது முறைதான் கை வழிக்கு வந்தது. அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. எட்டு மாதத்தில் அறுபது தப்படி நீளத்துக்குப் பாறையைச் சிமென்ட்டில் வார்த்து நிறுத்திவிட்டார். முடிந்த சுவரை மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. “ரசமட்டம் பூசினதுதானே, அளந்தா அவருக்குக் கோபம் வரும்” என்று ஆய்வாளர் அம்மா சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். குகையைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், வேலை முழுவதையும் மேற்பார்வை பார்ப்பவர் அந்த அம்மாதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த எட்டு மாதத்தில் ரசமட்டம் அசல் குகைக்குள் ஒரு தடவைகூடப் போகவில்லை. சிமென்ட் தூசு படிந்தவர்களை உள்ளே விட மாட்டார்கள். அவரும் அதற்காக ஏங்கவில்லை. பூச்சுதான் வேலை, சித்திரம் என்பது அதற்கு மேல் போடுகிற பவுடர் என்பது அவருடைய அபிப்பிராயம். மருமகள் எதிரில் சொல்ல மாட்டார். அவ்வளவு விவரம் உண்டு.

அவர் பூசிய இடம் காயக் காய மருமகள் பின்னாலேயே வரைந்துகொண்டு வந்தாள். குதிரைகள் நன்றாக வந்தன. மான்கள் நன்றாக வந்தன. சுவரின் நடுவில் இருக்க வேண்டிய காட்டுப்பசு மட்டும் வரவில்லை. குகையிலேயே பெரிய சித்திரம் அது. நிஜப் பசுவைவிட ஒரு சுற்றுப் பெரிசு. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இரண்டு நாள் வேறு பேச்சுப் பேச மாட்டார்கள். கொட்டகையில் அதே அளவு, அதே காவி, அதே கரிக்கோடு. ஆனால் காயப்போட்ட தோல் மாதிரி தொங்கியது. மருமகள் மூன்று முறை அழித்து எழுதிவிட்டாள். மூன்று முறையும் தோல்தான்.

ஆய்வாளர் அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் மழுப்பத் தெரியாதவர். திங்கட்கிழமை காலையில் சுவர் முன்னால் நின்று சொல்லிவிட்டார்.

“அளவு சரியா இருக்கு, நிறம் சரியா இருக்கு, உயிர் இல்லம்மா. சனிக்கிழமை பெரியவங்க எல்லாரும் பாக்க வராங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் பசு நிக்கலேன்னா நான் வேற ஓவியரைத்தான் வைக்கணும். பசுவ மட்டும் குடுத்தா வரமாட்டேன்னு சொல்றாரு. முழுச் சுவரையும் கேக்கறாரு.”

முழுச் சுவர் என்றால் எட்டு மாத உழைப்பு. குதிரையும் மானும் இன்னொருவர் பேரில் போய்விடும். அதைவிட, இத்தனை வருஷத்தில் இவளால் முடியவில்லை என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. மருமகள் வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் உள்ளே போனதும் ரசமட்டத்தின் மனைவி பிடித்துக்கொண்டாள். “அவ மூணு நாளா ஒழுங்கா சாப்பிடல. மகன் வெளியூர்ல இருக்கான், நாம இல்லாம வேற யாரு கேப்பாங்க? நீங்க என்னடான்னா என் சுவர பாத்தியா என் சுவர பாத்தியான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க.”

“சுவரு நல்லா இருந்தா சொல்லக் கூடாதா? படம் வரலேன்னா நான் என்ன பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேணாம். வாய மூடிக்கிட்டு இருங்க, அது போதும்.”

புதன்கிழமை குகைக்குள் போக மருமகளுக்குக் கடைசியாக ஒரு அனுமதி இருந்தது. இருபது நிமிஷம், இரண்டே பேர். வழக்கமாகக் கூட வந்து விளக்குப் பிடிக்கும் ஆய்வாளர் அம்மாவுக்கு அன்றைக்கு வெளியூர் வேலை. “நம்பிக்கையான ஆளா ஒருத்தரக் கூட்டிட்டுப் போ” என்று சொல்லியிருந்தார்.

“மாமா, நீங்க வரீங்களா? லைட்ட ஆட்டாம பிடிச்சா போதும்,” என்றாள் மருமகள்.

தூசு இல்லாமல் போக வேண்டுமே. மனைவி அவரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, முப்பத்தைந்து வருஷச் சிமென்ட்டையும் ஒரே காலையில் எடுத்துவிடுவது என்று தேய்த்தாள். காது மடல் சிவந்துவிட்டது. “கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு சுத்தமா இல்லடி” என்று புலம்பிக்கொண்டே புதுச் சட்டையை மாட்டினார்.

குகை வாசலில் காவலர் செருப்பைக் கழற்றச் சொல்லி, காலுக்குத் துணி உறை கொடுத்தார். சுவரைத் தொடக் கூடாது, சாயக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது என்று ஒப்பித்தார்.

“தும்மல் வந்தா?” என்று கேட்டார் ரசமட்டம்.

“வெளிய ஓடி வந்துடணும்,” என்றார் காவலர், சிரிக்காமல்.

முதலில் ஒரு இடுக்கு வழி. குனிந்து குனிந்து முப்பது நாற்பது அடி வைத்தபின், தலைக்கு மேலே பாறை இல்லை என்பது திடீரென்று தெரிந்தது. ரசமட்டம் நிமிர்ந்தார். விளக்கைத் தூக்கினார். வெளிச்சம் கூரையைத் தொடவே இல்லை. மாடி வீட்டைத் தூக்கி உள்ளே வைத்தாலும் மேலே இடம் மிச்சம் இருக்கும். நடுவில் ஒரு தூண் கிடையாது.

“தூணே இல்லாம இவ்வளவு அகலக் கூரையா!” என்று அவர் முணுமுணுத்தார். கொத்தனார் புத்தி அப்படித்தான் போகும். அவர் வாழ்நாளில் கட்டிய கூரைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் இதில் ஒரு மூலைக்குக் காணாது.

“மாமா, இங்க,” என்றாள் மருமகள் மெதுவாக.

அவர் விளக்கைத் திருப்பினார். சுவர் முழுக்க ஓட்டமாக இருந்தது. குதிரைகள் ஒன்றன் கழுத்தின்மேல் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடின. ஒரு குதிரையின் கண் இருக்க வேண்டிய இடத்தில் பாறையிலேயே ஒரு சின்னக் குழி. அதைச் சுற்றித் தலையை வரைந்திருக்கிறான் அந்தக் காலத்து ஆள். தலையை வரைந்துவிட்டுக் குழி தோண்டவில்லை, குழியைப் பார்த்துவிட்டுத் தலையை வரைந்திருக்கிறான். தள்ளி, சுவரில் குறுக்காக ஒரு நீண்ட விரிசல். ரசமட்டத்துக்கு அந்த விரிசல் தெரியும். தாளில் பார்த்து மூன்று நாள் மாரடித்து அச்சாகச் செய்தது. நல்ல சுவரில் இந்த ஓட்டை எதற்கு என்று அப்போது திட்டித் தீர்த்திருக்கிறார். இப்போது பார்த்தால் விரிசலுக்கு மேலே ஐந்து மான் தலைகள், கழுத்து வரைக்கும் மட்டும். உடம்பு இல்லை.

“ஏம்மா, இது... ஆத்த நீந்திக் கடக்குதுங்களா?”

“ஆமா மாமா. விரிசல்தான் ஆறு. நம்ம சுவர்லயும் அப்படித்தானே வரைஞ்சிருக்கேன்?”

இருந்திருக்கும். அவர்தான் தன் விரிசலைப் பார்த்தாரே தவிர அதன்மேல் இருந்ததை ஒரு நாளும் பார்க்கவில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில்தான் அந்தக் குழிகளைக் கண்டார்.

கொட்டகைச் சுவர் சித்திரம் தொடங்கும் உயரத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதனால் அவர் தாளில் இவை இல்லை. இடுப்பு உயரத்தில், கை நுழைகிற அளவில், ஒரே இடைவெளி விட்டு ஏழு குழிகள். ஒரு ஆள் நீளம் தள்ளி எதிரே துருத்தி நின்ற பாறையைப் பார்த்தார். அங்கேயும் ஏழு. ரசமட்டம் ஒரு கண்ணை மூடினார். ஏழு குழியும் ஒரே கோட்டில் நின்றன. ஒரு நூல் பிசகு இல்லை.

“அடப்பாவி,” என்றார், குரலை அடக்க முடியாமல். “சாரம் கட்டியிருக்கான்மா! இங்க கழிய சொருகி, அங்க சொருகி, மேல பலகை போட்டு நின்னிருக்கான். அதுவும் மட்டம் பாத்து!”

அதற்குமுன் அவருக்கு அந்தக் குகை மனிதன் யாரோ ஒருவன். தோலைச் சுற்றிக்கொண்டு கல்லில் கிறுக்கிய யாரோ. இந்த ஏழு குழியைப் பார்த்ததும் அவன் கூட வேலை பார்க்கிற ஆளாகிவிட்டான். சாரத்தில் ஏறினால் கால் ஆடுமே என்று யோசித்த ஆள். மேலே நிற்கிறவனுக்குக் கீழே ஒருவன் காவிக் கலவையைக் கரைத்து நீட்டியிருப்பான். கலவை கட்டியாகிவிட்டது என்று இரண்டு பேரும் சண்டை போட்டிருப்பார்கள். விளக்கு வேறு கொழுப்பு விளக்கு, புகை கண்ணைக் கரித்திருக்கும். இத்தனைக்கும் நடுவில் எந்த இடத்தில் எதை வரைவது என்று சுவரிடமே கேட்டு வரைந்திருக்கிறார்கள். வேலை என்றால் இது வேலை என்று ரசமட்டம் மனசாரச் சொல்லிக்கொண்டார். அவர் வாயால் இன்னொருவர் வேலையைப் பாராட்டி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் யாருக்கும் கேட்கவில்லை, உள்ளுக்குள்தான் சொன்னார்.

“மாமா, பசுகிட்ட வாங்க. பத்து நிமிஷம்தான் இருக்கு.”

மருமகள் நிற அட்டைகளை எடுத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு காவியையும் அட்டையோடு ஒப்பிட்டு நோட்டில் குறித்தாள். ரசமட்டம் அவளுக்குப் பின்னாலிருந்து விளக்கைப் பிடித்தார். பசு பெரிசாக நின்றது. நன்றாகத்தான் இருந்தது. அவள் தோள் வெளிச்சத்தை மறைக்கிறதே என்று அவர் இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்து, விளக்கைச் சுவரை ஒட்டி நீட்டினார்.

பசுவின் வயிறு எழுந்து வந்தது.

வரைந்த வயிறு இல்லை. பாறையே அந்த இடத்தில் மெதுவாகப் பருத்து, உருண்டு, கீழே வந்து அடங்கியது. சினைப் பசு. மாதம் நிறைந்த பசு. வயிற்றின் பாரத்துக்குப் பின்னங்கால்களை அகட்டி நின்றது. விளக்கு அவர் மூச்சில் லேசாக அசைந்தபோது நிழல் அசைந்தது, உள்ளே கன்று புரள்கிற மாதிரி இருந்தது. அந்த ஆதிகாலத்து ஆள் சுவரில் ஒரு மேட்டைப் பார்த்திருக்கிறான். பார்த்ததுமே இது சினை என்று கண்டுகொண்டு, மேட்டைச் சுற்றி ஒரு முதுகும் நாலு காலும் தலையும் மட்டும் போட்டிருக்கிறான். பசுவில் பாதி அவன் வரைந்தது, மீதி பாறையில் ஏற்கெனவே இருந்தது. ரசமட்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பசுவைப் பார்த்து அழுவோம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

அடுத்த நிமிஷமே கண்ணைத் துடைத்துக்கொண்டு மேட்டை மறுபடி பார்த்தார். ஏனென்றால் அந்த மேட்டை அவருக்குத் தெரியும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், சாப்பாட்டுக்கு அப்புறம், கண் சொருகுகிற நேரம். நடுச் சுவரில் இரண்டாம் பூச்சுக்குப் பழக்கதோஷத்தில் மட்டப்பலகையை வைத்தார். நாலு விரல் கனத்துக்குச் சுவர் வயிறு தள்ளியிருந்தது. கொத்து வேலையில் இதைவிட மானக்கேடு கிடையாது. கம்பி கட்டின கையாள் சரியாகக் கட்டாமல் வலை தொங்கிவிட்டது என்று அவனைக் கண்டபடி திட்டி, சுத்தியலால் வலையை உள்ளே தள்ளி, கலவை போட்டு மட்டமாக்கிவிட்டார். தாளைப் பார்க்கவில்லை. வயிறு தள்ளிய சுவரைக் கண்டால் எந்தக் கொத்தனாருக்குத் தாளைப் பார்க்கத் தோன்றும்? அன்று சாயங்காலம் மனைவியிடம், நல்லவேளை நான் பார்த்தேன், இல்லையென்றால் நாசமாகியிருக்கும் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

மூன்று முறை அழித்து எழுதிய பெண் கீழே உட்கார்ந்து இன்னும் நிறத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் நோட்டை மூடிக்கொண்டு நிமிர்வதற்குள் ரசமட்டத்தின் கால் தானாக இரண்டு அடி வலப்பக்கம் வந்துவிட்டது. விளக்கு நேர் எதிரே வந்தது. நிழல் போயிற்று, மேடு போயிற்று. அங்கே ஒரு தட்டையான பசு நின்றது. அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“சுவர் அச்சா அதேதான் மாமா,” என்றாள். “நீங்க ஒரு குறை வைக்கல. என் கைதான் சரியில்ல.”

சொல்ல வாயைத் திறந்தார். வெளியிலிருந்து காவலர், “நேரமாச்சு” என்றார். அவ்வளவுதான். இரும்புக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

அன்றைக்கும் மறுநாளும் ரசமட்டம் ரசமட்டமாக இல்லை. வாய் அடங்கிவிட்டது. மனைவிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு பயமாகிவிட்டது. “உடம்பு சரியில்லையா? நான் தேச்சது அதிகமாயிடுச்சா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் கையைத் தட்டிவிட்டார். முப்பத்தைந்து வருஷத்தில் தான் பூசின சுவரைத் தப்பென்று அவர் ஒரு நாள்கூட ஒத்துக்கொண்டதில்லை. அதுகூடப் பரவாயில்லை, கை தவறுவது எல்லோருக்கும் உண்டு. விளக்கை நகர்த்தினாரே, அது கை தவறியது இல்லையே. அதை எந்த வாயால் சொல்வது? ஒன்றைச் சொன்னால் இன்னொன்றும் வெளியே வருமோ என்று இரண்டையுமே மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்குப் புது ஓவியர் வந்துவிட்டார். மெலிந்த, மரியாதையான மனிதர். சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்த்துவிட்டு, “குதிரையெல்லாம் யாரு எழுதினது? பிரமாதம்” என்றார். மருமகள் ஒரு ஓரமாக நின்று தூரிகைகளைக் கழுவி, துடைத்து, ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ரசமட்டம் இன்னும் ஒரு நிமிஷம் தாங்கியிருப்பார். அவள் தன் தூரிகைகளை அளவு வாரியாக அடுக்கினாள், அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

“அம்மா, ஒரு நிமிஷம்,” என்றார் ஆய்வாளரிடம். குரல் தேவைக்கு அதிகமாகவே வந்தது. “எல்லாரும் பசுவையே பாக்கறீங்க. சுவரப் பாருங்க. தப்பு சுவர்ல இருக்கு.”

“என்ன சொல்றீங்க?”

“அந்த இடத்துல பாறை நாலு விரல் புடைச்சிருக்கணும். தாள்ல இருக்கும், எடுத்துப் பாருங்க. நான் தொப்பைன்னு நெனச்சுத் தட்டி மட்டம் பண்ணிட்டேன். அது தொப்பை இல்லம்மா, பசுவோட வயிறு. அது சினைப் பசு. வயித்த நான் எடுத்துட்டேன், அப்பறம் அந்தப் பொண்ணு எப்படி வரைஞ்சாலும் எப்படி நிக்கும்?”

ஆய்வாளர் அம்மா ஓடிப்போய்த் தாளை எடுத்தார். விரலால் எண்களைத் தொட்டுக்கொண்டே வந்து நடுவில் நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. “இருபது வருஷமா நேரா லைட்ட வெச்சே பாத்திருக்கேன்,” என்றார் மெல்ல. “நிறத்தத்தான் பாத்திருக்கேன், கல்லப் பாக்கவே இல்ல.” புது ஓவியர் நல்ல மனுஷன். தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “அப்ப இங்க எனக்கு வேலை இல்ல” என்று மருமகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கிளம்பினார். பெரியவர்கள் வருவதை ஆய்வாளர் அம்மா இருபது நாள் தள்ளி வைத்தார்.

சுவரை ரசமட்டமே உடைத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. மருமகள் மூன்று முறை எழுதிய காவி துண்டு துண்டாகக் காலடியில் விழுந்தது. வலையை வெளியே இழுத்து, கம்பியைத் திருப்பி வளைத்து, தாளை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் பூசினார். மட்டப்பலகையைத் தொடவில்லை. கடைசிப் பூச்சுக்குக் கரண்டியையும் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையாலேயே தடவினார். பருத்து, உருண்டு, அடங்கி வர வேண்டும். ஒரு விரல் கூடினால் ஊதிய மாதிரி இருக்கும், ஒரு விரல் குறைந்தால் சினை தெரியாது. முப்பத்தைந்து வருஷத்தில் எதையும் மட்டமாக்காமல் விட அவர் இவ்வளவு பாடுபட்டதில்லை. குகையில் சாரம் கட்டியவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதாகவே அவருக்குத் தோன்றியது. அவன் தலையாட்டினால் போதும் என்று வேலை செய்தார்.

பூச்சு காய்ந்த பிறகு ஒரு காலையில் கொட்டகையின் சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தார். ஆய்வாளர் அம்மாவும் மருமகளும் எதிரே நின்றார்கள். சுவரில் ஒரு கோடு இல்லை, ஒரு பொட்டுக் காவி இல்லை. வெறும் சாம்பல் நிறச் சிமென்ட். அதில் பசு நின்றது. ஆய்வாளர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். யாருக்கோ சொல்ல வேண்டும் என்று வெளியே போனார்.

மருமகள் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“மாமா, இது அன்னிக்கு குகைக்குள்ளயே உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள்.

“தெரிஞ்சுதும்மா,” என்றார். “பக்கத்துலேர்ந்து பிடிச்சேன், தெரிஞ்சுது. நீ நிமிர்ந்து பாத்துடுவேன்னு லைட்ட நேரா கொண்டாந்துட்டேன்.”

அவள் திரும்பவில்லை.

“என் கைதான் சரியில்லன்னு சொன்னேனே. கேட்டுட்டுதான் இருந்தீங்களா?”

“கேட்டுட்டுதான் இருந்தேன்.”

அவள் வெளியே போய்விட்டாள். அன்றைக்குத் திரும்பி வரவில்லை. வீட்டிலும் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், தட்டு வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தையிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால், மனைவி கத்தித் தீர்த்து விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அந்த மௌனத்தைப் பார்த்த ரசமட்டம், உடைத்த சுவரே தேவலை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் கொட்டகைக்குப் போனபோது அவள் ஏற்கெனவே பசுவின் முன்னால் பலகைமேல் ஏறி நின்றிருந்தாள். கையில் கரி. கால் சத்தம் கேட்டதும், திரும்பாமலே சொன்னாள்.

“லைட்டப் பிடிங்க மாமா.”

எங்கே என்று அவர் கேட்கவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் போய்ச் சுவரை ஒட்டி நின்று நீட்டினார். வயிறு எழுந்தது. அவள் தாளைப் பார்க்கவில்லை, அளவுகோலை எடுக்கவில்லை. மேட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அது இறங்கி அடங்குகிற இடத்தில் கரியை வைத்து, பின்னங்கால் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தாள். இதற்குப் பவுடர் என்றா பேர் வைத்திருந்தோம் என்று ரசமட்டம் வெட்கப்பட்டார்.

முதுகு வந்தது. கழுத்து வந்தது. நீட்டிய கை வலிக்க ஆரம்பித்தது. விளக்கு ஆடாமல் இருக்க இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

“கை வலிச்சா சொல்லுங்க,” என்றாள் மருமகள், வரைந்துகொண்டே.

“வலிக்கலம்மா,” என்றார் ரசமட்டம்.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவளும் விளக்கை இறக்கச் சொல்லவில்லை, அவரும் இறக்கவில்லை.